ஒரே சாலையில் நடக்கிறோம் என்று எழுதியவளுக்கு

புளியடிக்குறிச்சி
23-11-1997, ஞாயிற்றுக்கிழமை

மகள் கலைச்செல்விக்கு அய்யா எழுதுவது.

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்பதை வியாழக்கிழமை போனில் உன் குரலை வைத்தே தெரிந்துகொண்டேன், அதனால் சவுக்கியமா என்று தனியாகக் கேட்கவில்லை. இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதி எழுதிப் பழகிய கைதான், இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விட்டபாடில்லை, ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது, நம் வீட்டு மேற்குச் சுவர் ஊறி ஒரு முழம் சரிந்துவிட்டது, வெள்ளாடு போட்ட இரண்டு குட்டியில் ஒன்று நனைந்தே செத்தது. அம்மாவுக்கு இளைப்பு கூடியிருக்கிறது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன், இதயம் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும், மாடிப்படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். எங்க வீட்டுல மாடி எங்கன இருக்குன்னு நீங்களே வந்து காட்டுங்க டாக்டரே என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தாள் உன் அம்மா. உனக்கு அனுப்ப உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கி ஓலைக் கொட்டானில் கட்டி வைத்திருக்கிறாள். நான் இன்னும் பார்சல் போடவில்லை. போட மனசு வரவில்லை. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், முழுவதும் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடாதே.

போனில் நான் உன்னைத் திட்டியது காஜா முகைதீன் பாய் கடை முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். அவர் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்பார்கள், என் சத்தத்துக்கு அந்தக் கண்ணாடி என்ன செய்யும். மீட்டரில் சிவப்பு எண் ஓட ஓட எனக்கு வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது, படாரென்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியதற்கு வருத்தப்பட்டுக் கடிதம் எழுதுகிறார் அய்யா என்று நினைத்துக்கொள்ளாதே. விட்டுப்போனதையும் சேர்த்துத் திட்டத்தான் எழுதுகிறேன். நீ பேப்பரில் எழுதியது பொய் என்று மட்டும் போனில் சொன்னேன், அந்தப் பொய் இங்கே என்ன வேலை செய்தது என்று வரிசையாகச் சொல்ல வரவில்லை. இப்போது வரிசையாகச் சொல்லுகிறேன்.

முப்பிடாதி அத்தை செத்த செய்தியைத் தந்தியில் சொன்னோம். நீ வரவில்லை. டெல்லியிலிருந்து ரயிலேறி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அது எனக்கும் தெரியும், அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் அவளை எப்படிக் கொண்டுபோனோம் என்று நான் உனக்கு எழுதாமல் இருந்தேன், அது என் தப்பு. என் கூடப்பிறந்த அக்கா அவள். நீ இன்ஜினியரிங் காலேஜில் சேரப் போன அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் நிறுத்தம் வரை சுமந்து வந்தவள், நீ தூக்கக் கூடாது, சேலை கசங்கிரும் என்று உன்னைத் தொடவே விடவில்லை. அவள் செத்தது ஐப்பசி இருபது. பிசான நெல் நட்டுப் பத்து நாள் ஆகவில்லை, வயல் எல்லாம் முழங்கால் சேறு, அதற்கு மேல் தண்ணீர். நம் தெருப் பிணம் சுடுகாட்டுக்கு எப்படிப் போகும் என்பதை நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தார் ரோடு மேலத்தெரு வழியாகப் போகிறது, அங்கே அவர்கள் கோயில் இருக்கிறது, அதனால் நம் ஆட்கள் உயிரோடு அந்த ரோட்டில் நடக்கலாம், செத்த பிறகு போகக் கூடாது. நம் தெருக்கோடியில் இறங்கி, சிவசைலம் அண்ணாச்சியின் வயல் வரப்பில் நடந்து, தென்னந்தோப்பைச் சுற்றி, கால்வாய்க்குள் இறங்கி ஏறித்தான் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். ரோட்டில் போனால் பத்து நிமிஷம். இப்படிப் போனால் ஒரு மணி நேரம்.

அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் நான். இருபத்தேழு வருஷமாக மேலத்தெரு வயல்களுக்கு மடை திறந்து மடை அடைத்துத்தான் உங்களுக்குக் கஞ்சி ஊற்றினேன். நம் தெருவில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் முதலில் எனக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள், டாக்டருக்கு அப்புறம்தான் ஆள் போகும். நான் பைய அந்த வரப்பு ஓரத்து மடையை அடைத்து வைப்பேன். ஒரு நாள் அடைத்து வைத்தால் தண்ணீர் கொஞ்சம் வடியும், தூக்குகிறவர்களுக்குக் கால் ஊன்ற இடம் தெரியும். எத்தனையோ சாவுக்கு இப்படிச் செய்திருக்கிறேன். சிவசைலம் அண்ணாச்சிக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். அன்று விடிந்ததும் போய் அடைத்தேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். ஏலே பூதத்தான், நட்டுப் பத்து நாள் ஆகல, இப்பம் போய்த் தண்ணிய அடைச்சிருக்கியே, பயிருக்கு நீயா பொறுப்பு, தெறந்து விடுலே என்றார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். அக்கா செத்துக் கெடக்கா அண்ணாச்சி என்றேன். அதுக்கு நெல்லு என்னலே செய்யும் என்றார். நான் திறந்துவிட்டேன். கேட்டுக்கொள் கலைச்செல்வி, என் அக்கா போகிற வழியில் நானே என் மண்வெட்டியால் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்த மண்வெட்டியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை, வேலைக்கும் போகவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தூக்கினோம். வரப்பு ஒற்றை ஆள் அகலம், நாலு பேர் பாடையைத் தூக்கினால் இரண்டு பேராவது வயலுக்குள் இறங்கியாக வேண்டும். நட்ட பயிரை மிதிக்காதிய, மிதிக்காதிய என்று அண்ணாச்சியின் ஆள் ஒருவன் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தான். முன்னால் தூக்கியவன் அவள் மகன் இசக்கிமுருகன். வாழைத்தார் லாரியில் லோடு ஏற்றுகிறவன், அவன் தோளுக்கு அது ஒரு பாரமா, ஆனால் சேற்றுக்குத் தோள் வலு தெரியுமா. தோப்புத் திருப்பத்தில் அவன் கால் இடுப்பு வரை உள்ளே போய்விட்டது. பாடை சாய்ந்தது, அத்தை சரிந்து தண்ணீருக்குள் விழுந்தாள். முகம் குப்புற விழுந்தாள். மூக்கில் வைத்த பஞ்சு தனியாக மிதந்து போனது. நான்தான் இறங்கித் தூக்கினேன், என் துண்டால் முகத்தைத் துடைத்தேன், துடைக்கத் துடைக்கக் கண் குழிக்குள் சேறு வந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு ஆத்திரமாக இருந்தது, அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் இரண்டேகால் பஸ் வந்தது. எங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வயல்தான். டிரைவர் வண்டியை மெதுவாக்கினார், ஜன்னலில் தலைகள் எல்லாம் எழும்பி எங்களைப் பார்த்தன. பிறகு பஸ் போய்விட்டது.

அந்த ரோட்டைப் பற்றித்தான் நீ எழுதினாய். எங்கள் ஊரில் இன்று எல்லோரும் ஒரே சாலையில் நடக்கிறோம், ஐம்பது ஆண்டுகளில் என் நாடு நடந்து வந்திருக்கும் தூரம் அது. இது உன் வரி, எனக்கு மனப்பாடம். சுதந்திரப் பொன்விழா மலரில் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி உன் கட்டுரை, கம்ப்யூட்டர் பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோவோடு வந்த அன்று நான் தரையில் நடக்கவில்லை. டீக்கடையில் நின்று சத்தம் போட்டு வாசித்தேன். அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன், நாலாவது தடவை அவள் போட்டோவை மட்டும் வாங்கிக்கொண்டு, நீங்க வேலையப் பாருங்க என்றாள். பாய் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்று, ஜெராக்ஸ் பத்து. அப்போது அந்த வரியைப் படிக்கவில்லையா என்று நீ கேட்பாய். படித்தேன். மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டேன்.

இனி என் மடத்தனத்தைச் சொல்லுகிறேன், உன்னை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. அத்தையைத் தூக்கிப்போட்ட நாலாம் நாள் திங்கள்கிழமை, நானும் இசக்கிமுருகனும் தெருவில் இன்னும் பதினோரு பேரும் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தோம். எங்கள் தெருப் பிணங்களைப் பொதுச் சாலையில் கொண்டுபோக உத்தரவும் பந்தோபஸ்தும் வேண்டும் என்று மனு. எழுதியது நான், நடந்ததை நடந்தபடி எழுதினேன், நன்றாகத்தான் வந்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது பையிலிருந்து உன் கட்டுரையின் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து மனுவோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன். இது எதுக்கு மாமா என்று கேட்டான் இசக்கிமுருகன். எம் மவ டெல்லியில பெரிய வேலையில இருக்கான்னு தெரிஞ்சா நம்மள ஒரு மரியாதையாப் பாப்பாவலே என்றேன். என் கையால் குத்திய குண்டூசி அது. மனு தாலுகா ஆபீஸுக்கு இறங்கி வந்தது, போன புதன்கிழமை விசாரணை என்று கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி போடச் சொன்னார் விசாரித்த அதிகாரி, அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, உன் போட்டோ வேலை செய்கிறது என்று நினைத்து உட்கார்ந்தேன். எதிரே சிவசைலம் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார். அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டு உன் கட்டுரையை எடுத்தார், பேனாவால் கோடு போட்டிருந்த இடத்தைச் சத்தமாக வாசித்தார். பெரியவரே, ஒங்க மவளே எழுதியிருக்காவளே, எல்லாரும் ஒரே சாலையிலதான் நடக்கோம்னு, அது பொதுச் சாலை, தூக்கிட்டுப் போங்க, யாரு தடுக்கா, இல்ல ஒங்க மவ அத்தன பெரிய படிப்பு படிச்சிட்டுப் பேப்பர்ல போய்ப் பொய் எழுதியிருக்காவளா என்று கேட்டார்.

தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆமாம், அது பொய் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீ மேசை மேல் சிரித்துக்கொண்டு கிடந்தாய். என் மகள் பொய் சொன்னாள் என்று சிவசைலம் அண்ணாச்சிக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததை அதிகாரி சம்மதம் என்று எழுதிக்கொண்டார். சாலை அனைவராலும் பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது, மனுதாரரின் மகளே இதை உறுதி செய்துள்ளார், உத்தரவு தேவையில்லை. இப்படி எழுதிக் கீழே என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள், நல்லவேளை அந்த இடத்திலாவது இசக்கிமுருகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது அவன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கி நடக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னான், எங்கம்மா சகதியில விழுந்ததக்கூடப் பொறுத்துக்கிட்டேன், நீங்க குனிஞ்சதத்தான் மாமா என்னால பொறுக்க முடியல என்று. அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது உன் கட்டுரைக்கு வருகிறேன். நேற்று திரும்பவும் எடுத்துப் படித்தேன், இந்தத் தடவை போட்டோவை மறைத்துக்கொண்டு படித்தேன். தாமிரபரணிக் கரையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன் என்று தொடங்குகிறாய். நமக்கு எந்த ஊரில் தாயி வயல் இருக்கிறது, சொன்னால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் தந்தை பாசனப் பணியில் இருக்கிறார் என்கிறாய். அதைப் படித்துவிட்டு டீக்கடையில் என்னை ஒரு வாரம் இன்ஜினியர் சார் என்று கூப்பிட்டார்கள். மடை திறக்கிற கூலிக்காரன் என்று எழுதினால் உன் கம்ப்யூட்டர் ஓடாமல் நின்றுவிடுமா. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம் என்கிறாய். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குழாய் பிரிகிறது, மேலத்தெருவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று, அவர்கள் குழாய் கெட்டால் அன்றைக்கே ஆள் வரும், நம் குழாய் கெட்டால் உன் அம்மா ஆற்றுக்குக் குடம் எடுத்துப் போவாள். எப்போதும் குறை சொல்வதை நிறுத்திவிட்டு நாட்டை நினைத்துப் பெருமைப்பட இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிக்கிறாய். யார் தாயி உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது. இந்த நாடு எனக்குக் கல்வி தந்தது என்கிறாய், உனக்கு ஹாஸ்டலும் உதவித்தொகையும் கிடைக்க மூன்று தடவை தள்ளுபடியான விண்ணப்பத்தை நாலாவது தடவையும் எழுதி, ஆபீஸில் சண்டை போட்டு முத்திரை வாங்கி வந்தவர் சத்தியநேசன் வாத்தியார். எப்போதும் குறை சொல்லிக்கொண்டே திரிந்த மனுஷன் அவர். குறை சொல்லாமல் பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நீ இன்றைக்கு அண்ணாச்சி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருப்பாய். அவர் பேர் உன் கட்டுரையில் எங்கேயும் இல்லை. ராக்கெட் பேர் இருக்கிறது, சாட்டிலைட் பேர் இருக்கிறது.

நான் நாட்டுக்கு விரோதி என்று நினைக்காதே. கொடியேற்றத்துக்குப் போய் நின்று மிட்டாய் வாங்கி வந்தவன்தான் நானும். ராக்கெட் விடட்டும், நன்றாக விடட்டும், நானும் கை தட்டுகிறேன். இல்லாததை இருக்கிறது என்று நீ எழுதியதைத்தான் கேட்கிறேன், அதுவும் உனக்குத் தெரிந்தே எழுதினாயே என்றுதான் கேட்கிறேன். உனக்குத் தெரியும். நீ எட்டாவது படிக்கும்போது உன் தாத்தாவைத் தூக்கினோம், நீ யூனிபாரத்தோடு தெருக்கோடியில் நின்று பார்த்தாய். ரோடு இருக்கே, ஏன் அய்யா வயலுக்குள்ள போறிய என்று சாயங்காலம் என்னிடம் கேட்டாய். அது குறுக்கு வழி தாயி என்று நான் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, குறுக்கு வழி என்றேன். நீ நம்பவில்லை, உன் முகத்திலேயே தெரிந்தது, ஆனாலும் சரி என்று தலையாட்டினாய். அன்றைக்கு நான் சொன்னதைத்தான் நீ வளர்ந்து பேப்பரில் எழுதியிருக்கிறாய் என்று நேற்றுத் தோன்றியது. என் பொய் நம் வீட்டுக்குள் கிடந்தது. உன் பொய் அச்சாகி, கோடு போட்டு, ஆபீஸ் முத்திரை வாங்கியிருக்கிறது.

வியாழக்கிழமை போனில் நீ சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன், நீயே மறந்திருப்பாய். அய்யா, இங்க யாருக்கும் நம்ம தெரு தெரியாது, இப்பம் போய் நான் அத எழுதினா நாளைக்குக் கேன்டீன்ல என் பக்கத்துல உக்காருதவங்க வேற மாதிரி பாப்பாங்க, எனக்குப் பயமா இருக்கு என்றாய். அதுவரைக்கும் நான் பொறுமையாகத்தான் கேட்டேன். அந்தப் பயம் எனக்குப் புரியும், நான் அதைச் சுமந்துகொண்டு ஐம்பத்தாறு வருஷம் இருந்தவன். அடுத்தது சொன்னாய் பார், நீங்க ரெண்டு பேரும் டெல்லிக்கு வந்துருங்கய்யா, இங்க கரண்டு சுடுகாடு இருக்கு, யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க என்று. அதற்குத்தான் போனை வைத்தேன். எங்களைச் சாவதற்கு அங்கே கூப்பிடுகிறாயா, உனக்கு வாய் கூசவில்லையா. அம்மாவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாததால் வந்து சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால் சிரித்தாள், சிரித்துச் சிரித்து இருமல் வந்து அரை மணி நேரம் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. எம் மவ நல்ல மனசோடதான் சொல்லியிருப்பா என்றாள். அவள் அப்படித்தான் சொல்லுவாள். நான் சொல்ல மாட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். தாலுகா ஆபீஸ் முடிவை எதிர்த்து மேல் மனு போட்டிருக்கிறேன், டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆர்.டி.ஓ. விசாரணை. நீ உன் கையெழுத்தில் ஒரு தாள் எழுத வேண்டும். நான் எழுதியது உண்மை அல்ல, எங்கள் தெருப் பிணங்கள் அந்தச் சாலையில் போக முடியாது, என் அத்தையை வயல் வழியாகக் கொண்டுபோனார்கள், பாடை சாய்ந்து அவள் சேற்றில் விழுந்தாள் என்று எழுது. நீ என்ன வேலை பார்க்கிறாய், யார் மகள், எந்தத் தெரு, எல்லாம் எழுது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை எனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, இன்னொன்றை உன் கட்டுரையைப் போட்ட பேப்பருக்கே அனுப்பு, அவர்கள் போட்டால் போடட்டும், போடாவிட்டால் அது அவர்கள் பாடு. நீ எழுதாவிட்டாலும் நான் பன்னிரண்டாம் தேதி போகத்தான் போகிறேன். இந்தத் தடவை குனிய மாட்டேன். என் மகள் எழுதியது பொய் என்று சிவசைலம் அண்ணாச்சிக்கும் அதிகாரிக்கும் இசக்கிமுருகனுக்கும் கேட்கும்படி சொல்லுவேன். உன் வாயால் வந்தால் நம் தெருவே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். என் வாயால் வந்தால் அது உனக்கும் எனக்கும் நல்லதில்லை, அதற்குப் பிறகு நீ பொங்கலுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று நீயே யோசித்துக்கொள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெந்நீரில் குளி. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே, போன தடவை நீ வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. என்ன கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அத்தையின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அவள் உன் பெட்டியைச் சுமந்ததை மறக்காமல் இரு. தபால் இங்கே வந்து சேர ஏழு நாள், மழையாக இருந்தால் பத்து நாளும் ஆகும், அதைக் கணக்கில் வைத்து எழுது. உன் ரிஜிஸ்டர் தபால் வந்த அன்றைக்குக் கருப்பட்டிப் பார்சல் கிளம்பும்.

இன்னும் ஒன்று. இதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்று மட்டும் எழுதுங்கள் என்றாள். ஒழுங்காகத்தான் போடுகிறாள். முன்பெல்லாம் மாத்திரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எனக்குத் தெரியாமல் கோழிக்கூட்டுப் பக்கம் எறிவாள். அத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நான் நினைவுபடுத்த வேண்டியதே இல்லை, மூன்று வேளையும் அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், உப்பையும் விட்டுவிட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, என்ன திடீர்னு இப்படி என்று கேட்டேன். சித்திர வரைக்கும் இழுத்துப் பிடிச்சிட்டேம்னா போதும், கால்வாய அடைச்சிருவாவ, வயலெல்லாம் காஞ்சு கெடக்கும், தூக்குதவங்களுக்குக் காலு வழுக்காது என்றாள்.

இன்று கார்த்திகை எட்டு.

உன் அய்யா,
பூதத்தான்
மடை திறக்கிற கூலி
கீழத்தெரு, புளியடிக்குறிச்சி